நிலவின் டேப்புகள் போன வழியில் ஐந்து நாள்

ஆகஸ்ட் 20, 2016, சனி. சன் வேலி

லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியதும் ஹாலிவுட் பலகையைக் காட்டிவிட வேண்டும் என்று தம்பி திட்டம் போட்டு வைத்திருந்தான். என்னை அழைத்துப் போக ஃப்ரீமான்டிலிருந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தவனிடம், "முதல்ல சன் வேலி போயிடலாம்டா" என்றேன்.

"அங்க என்னக்கா இருக்கு? பழைய காரை உடைக்கிற இடம்."

அவன் சொன்னது சரிதான். சான் ஃபெர்னாண்டோ சாலையில் திரும்பியதுமே தகரச் சுவர்கள் தொடங்கிவிட்டன. சுவருக்கு மேலே கார் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரிந்தது. ஒரு கடை வாசலில் கதவுகள் மட்டும், இன்னொன்றில் பம்பர்கள் மட்டும். கிரீஸும் சூடான ரப்பரும் கலந்த வாசனை. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையை இன்னும் அகலமாக, வெயிலில் விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

நான் பார்க்க வந்தது கார்களை அல்ல. இந்த ஊரில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் ஏறக்குறைய இருபது வருடம் நான்கு இயந்திரங்கள் கிடந்தன. காந்த நாடாவை, அதாவது டேப்பை, ஓட்டிப் படிக்கிற ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எஃப்ஆர்-900 டேப் டிரைவ்கள், ஒவ்வொன்றும் குளிர்சாதனப் பெட்டி அளவு. அவற்றை வைத்திருந்தவர் நான்சி எவன்ஸ். பாசடீனாவில் இருக்கும் ஜேபிஎல் என்ற நாசா விண்வெளி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

1966, 1967இல் நாசா அனுப்பிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவைச் சுற்றிப் படம் எடுத்தன. அப்போலோ எங்கே இறங்கலாம் என்று பார்க்கத்தான் அந்தப் படங்கள். விண்கலங்கள் அனுப்பிய சிக்னல், தரையில் இரண்டு அங்குல அகல டேப்புகளில் பதிவானது. ஏறக்குறைய 1,500 டேப்புகள். ஆட்கள் நிலவில் இறங்கித் திரும்பிய பிறகு அவற்றைக் கேட்க யாரும் இல்லை. 1980களில் இதை எல்லாம் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, எறியக் கூடாது என்று நின்றவர் நான்சி எவன்ஸ்.

எறியாமல் வைத்திருப்பது பாதி வேலைதான். அந்த டேப்பை ஓட்டுகிற டிரைவ் வேண்டுமே? அந்த மாடல் மிகச் சிலரிடம்தான் இருந்தது. ஃபுளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய டிரைவ்கள் இருப்பது தெரியவந்தது. கிடைத்தன, ஆனால் வைக்க இடமில்லை. அலுவலகத்தில் இடம் இல்லாததை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவருடைய வீட்டைத் தேடவில்லை. அது தேவையும் இல்லை, முறையும் இல்லை. இரண்டு மூன்று தெருக்களில் மெதுவாக ஓட்டச் சொன்னேன். தாழ்ந்த கூரை வீடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கார் கொட்டகை. ஒரு கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே துணி துவைக்கும் இயந்திரம், ஏணி, கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டி. அந்த இடத்தில் ஆள் உயர டிரைவ்கள் நான்கை நினைத்துப் பார்த்தேன். வீட்டில் உள்ளவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள், இதை எப்போது தூக்கப் போகிறாய் என்று. பழையதை எல்லாம் உடைத்து விற்கிற ஊரில் இருபது வருடம் அவை உடைபடாமல் இருந்திருக்கின்றன.

ஹாலிவுட் பலகையையும் பார்த்தோம், சாயங்காலம், தூரத்திலிருந்து.

ஆகஸ்ட் 21, ஞாயிறு. பாசடீனா

ஜேபிஎல்லுக்குள் போக வேண்டுமானால் வெகு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் ஹஹமோங்னா பூங்கா இருக்கிறது. வறண்ட ஆற்றுப்படுகை, ஓக் மரங்கள், குதிரைமேல் போகிறவர்கள். அங்கிருந்து மலையடிவாரத்தில் அந்தக் கட்டடங்கள் நன்றாகத் தெரிகின்றன. ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம்.

தம்பி கேட்டான்: "அந்தப் படமெல்லாம் அப்பவே பேப்பர்ல வந்துடுச்சுதானே? அப்புறம் டேப் எதுக்கு?"

நல்ல கேள்வி. காலையில் மளிகைக் கடையில் கொடுத்த முழநீள பில் என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துத் தொடைமேல் விரித்தேன்.

இது விண்கலத்தில் இருந்த ஃபிலிம் என்று வைத்துக்கொள். 70 மில்லிமீட்டர் அகலம், கோடாக் செய்தது. இப்போதைய மாதிரி டிஜிட்டல் கேமரா அல்ல. நிலவைச் சுற்றிக்கொண்டே உண்மையான ஃபிலிமில் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் விட்டார்கள். தண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது. ரசாயனத்தில் ஊறிய இன்னொரு பட்டையை ஃபிலிம்மேல் அழுத்தி ஒட்டினால் படம் வரும், பிறகு அதை உரித்துவிடும், ஃபிலிம் காயும். அதன் பிறகு ஒரு சின்ன ஒளிப்புள்ளி ஃபிலிமின் குறுக்கே மேலும் கீழுமாக ஓடும். பில்லில் நகத்தால் நெருக்கமாகக் கோடு போட்டுக் காட்டினேன். ஃபிலிமைக் கடந்து வரும் வெளிச்சம் கூடுவதும் குறைவதும் மின்சாரமாக மாறி, ரேடியோ அலையாகப் பூமிக்கு வரும். ஒரு பட்டை முடிந்ததும் அடுத்த பட்டை.

பூமியில் மூன்று இடத்தில் பிடித்தார்கள். இந்தக் கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் வூமெரா, ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் ரொபிளேடோ. சிக்னல் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு வழியில் அது மறுபடி 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் பட்டை பட்டையாக எழுதப்பட்டது. அந்தப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மொத்தத்தையும் திரும்பப் படம் பிடித்து, அதிலிருந்து அச்சடித்தார்கள். பேப்பரில் வந்தது இதுதான். அதனால்தான் அந்தக் காலத்து நிலவுப் படங்களில் எல்லாம் கோரைப்பாய் போல வரி வரியாக இருக்கும். படத்தைப் படம் எடுக்க, அதைப் படம் எடுக்க, ஒவ்வொரு முறையும் நிழலில் இருந்த விவரம் கொஞ்சம் கறுப்பில் மூழ்கும், வெளிச்சத்தில் இருந்தது வெளுத்துப் போகும்.

இன்னொரு வழிதான் டேப். சிக்னல் எப்படி வந்ததோ அப்படியே அதில் பதிந்தது.

"ஒரிஜினல் ஃபிலிம்?" என்றான்.

ஐந்து விண்கலமும் கடைசியில் நிலவிலேயே விழுந்துவிட்டன. ஃபிலிமும் அவற்றோடு போய்விட்டது. அதனால் மனிதர்கள் கையில் இருப்பதில் மூலத்துக்கு மிக அருகில் இருப்பது அந்த டேப்புகள்தான். அப்போதே ஏன் அவற்றிலிருந்து நல்ல படம் எடுக்கவில்லை என்றால், அவசரம். எங்கே பாறை இருக்கிறது, எங்கே சமதரை என்று தெரிந்தால் போதும், அப்போலோவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய படங்களை வைத்து வேலை செய்ய அன்றைய கணினிகளுக்குத் திராணியும் இல்லை.

தம்பி அந்தப் பில்லை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 22, திங்கள். ஐந்தாம் எண் நெடுஞ்சாலை

இன்று முழுக்க வண்டிதான். கிரேப்வைன் மலை ஏறி இறங்கியதும் சாலை கயிறு பிடித்த மாதிரி நேராகிவிடுகிறது. இரண்டு பக்கமும் பாதாம் தோட்டங்கள், அப்புறம் வெறும் காய்ந்த புல், அப்புறம் மறுபடி பாதாம். கோலிங்கா பக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று வரும். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், கண்ணாடியை ஏற்றிவிடு என்றான் தம்பி. நான் ஏற்றவில்லை, மாட்டு வாசனை எனக்குப் பிடிக்கும்.

அந்த டிரைவ்களும் டேப்புகளும்கூட தெற்கிலிருந்து வடக்கேதான் போயின, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து நாசா மையம் ஒன்று இருக்கும் மோஃபட் ஃபீல்டுக்கு. நாங்களும் அதே திசையில் போகிறோம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வழியில் இரண்டு கதைகள் சொன்னேன்.

முதலாவது அப்போலோ 11. ஆம்ஸ்ட்ராங் இறங்குவதை உலகமே டிவியில் பார்த்தது. நிலவிலிருந்து வந்த படம் சாதாரண டிவிக்கு ஒத்துவராத வேறொரு முறையில் வந்தது. அதைத் தரையில் மாற்றித்தான் ஒளிபரப்பினார்கள், மாற்றும்போது தெளிவு குறைந்தது. மாற்றாத மூலச் சிக்னல் தனியாக டேப்பில் பதிவாகியிருந்தது. பல வருடம் கழித்து அதைத் தேடினார்கள், முன்னாள் பொறியாளர்களும் சேர்ந்து தேடினார்கள். 2009இல் நாசா முடிவைச் சொன்னது: டேப் தட்டுப்பாடு வந்த காலத்தில், வேறு விண்கலங்களின் தரவைப் பதிய, அந்த டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும். டிவி நிலையங்களில் இருந்த நல்ல பிரதிகளை எடுத்துச் செப்பனிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது அதைத்தான்.

இதைச் செய்தவர்களைக் கெட்டவர்களாக நினைக்க என்னால் முடியவில்லை. டேப் அறையில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். புது டேப் வாங்கப் பணம் இல்லை, நாளைக்குப் பதிவு செய்தாக வேண்டும், பழைய டேப்பை யாரும் பத்து வருடமாகக் கேட்கவில்லை. கை தானாக அந்த அடுக்கைத்தான் நோக்கிப் போகும்.

இரண்டாவது நிம்பஸ். 1964இல் போன வானிலை விண்கலம் நிம்பஸ் 1 ஒரு மாதத்துக்கும் குறைவாகத்தான் வேலை செய்தது. மேகத்தைப் பார்க்க எடுத்த படங்கள் ஃபிலிம் சுருள்களாகக் கிடந்தன. ஐம்பது வருடம் கழித்து, கொலராடோவில் இருக்கும் பனித் தரவு மையத்துக்காரர்கள் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார்கள். மேகம் இல்லாத இடுக்குகளில் அண்டார்டிகாவின் கடல் பனி எதுவரை இருந்தது என்று தெரிந்தது. தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1970களின் கடைசியில்தான் தொடங்குகிறது. இப்போது 1964இல் பனி எங்கே இருந்தது என்றும் சொல்ல முடிகிறது. படம் எடுத்தவர்கள் பனியை நினைத்தே எடுக்கவில்லை. யாருக்கு எப்போது என்ன கேள்வி வரும் என்று எடுக்கிறவருக்குத் தெரிவதில்லையே.

கெட்டில்மன் சிட்டியில் சாப்பிட நிறுத்தினோம். அப்போது தம்பி, "உனக்கு ஏன்க்கா இதுல இவ்ளோ பிடிப்பு?" என்றான். அவனுக்கு இதுவரை நான் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் ஒன்று. பெயர் வேண்டாம். 2008இல் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் வந்தார். 1997இல் அவருக்குக் கொடுத்த சம்பளக் கணக்கு வேண்டும், அது இல்லாமல் அவருடைய பென்ஷன் கணக்கு நேராகாது. காகிதங்கள் எதிலும் இல்லை. டேப்பில் இருக்கிறது. இரும்பு அலமாரியில் இரண்டாம் தட்டில், அழகான கையெழுத்தில் லேபிள் ஒட்டி, தூசுகூட இல்லாமல் இருந்தது அந்த டேப். நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

டிரைவ் இல்லை. இரண்டு வருடம் முன்பு இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போட்டிருந்தார்கள். தேடி அலைந்து பழைய டிரைவ் ஒன்றை வாங்கிவந்தேன். டேப் ஓடியது. ஆனால் பதிந்த மென்பொருளின் அந்தப் பழைய பதிப்பு எங்கேயும் கிடைக்கவில்லை. அதைச் செய்த கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி மூடிவிட்டது. எழுத்துகள் வந்தன, எல்லாம் குப்பை. அந்தப் பெரியவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்காருவார். "கிடைச்சுதாம்மா?" என்பார். எட்டு திங்கட்கிழமை. ஒன்பதாவது வாரம் நான்தான் போய்ச் சொன்னேன், முடியவில்லை என்று. "பரவால்லம்மா, நீ பாடுபட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான், 2008 நவம்பரில், நிலவுக்கு மேல் பூமி உதிக்கும் அந்தப் படத்தைப் பார்த்தேன். 42 வருடப் பழைய டேப்பிலிருந்து மீட்டது என்று போட்டிருந்தது. அன்று இரவு தூங்கவில்லை. இவர்களால் எப்படி முடிந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் நான்சி எவன்ஸ் பெயர் எனக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி வெகுநேரம் பேசவில்லை. சூரியன் சாயும்போது சான் ஜோஸே வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 23, செவ்வாய். மோஃபட் ஃபீல்ட்

இந்தத் தேதிக்காகத்தான் மொத்தப் பயணமும். சரியாக ஐம்பது வருடம் முன்பு, 1966 ஆகஸ்ட் 23 அன்று, லூனார் ஆர்பிட்டர் 1 நிலவின் விளிம்புக்கு மேலே பூமி இருக்கும் படத்தை எடுத்தது. நிலவின் பக்கத்திலிருந்து நம் பூமியைப் பார்த்த முதல் படம். அது வேலைத் திட்டத்திலேயே இல்லை. படம் எடுக்க விண்கலத்தைத் திருப்ப வேண்டும், திருப்பினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைச் செய்த போயிங் நிர்வாகம் தயங்கியது. கடைசியில் திருப்பினார்கள். சிக்னலை ஸ்பெயினில் ரொபிளேடோ நிலையம் பிடித்தது. 1968 டிசம்பரில் அப்போலோ 8இலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த வண்ணப் படம்தான் எல்லார் மனதிலும் இருக்கிறது. இது அதற்கு இரண்டு வருடம் மூத்தது.

மோஃபட் ஃபீல்டை யாரும் தவறவிட முடியாது. 101ஆம் எண் சாலையிலிருந்தே ஹேங்கர் ஒன் தெரியும். 1930களில் மேக்கன் என்ற ராட்சத ஆகாயக் கப்பலை நிறுத்தக் கட்டியது. 1,133 அடி நீளம். மேல் தோலை உரித்துவிட்டதால் நாங்கள் பார்த்தபோது வெறும் எலும்புக்கூடாக நின்றது, அதன் ஊடே வானம் தெரிந்தது.

நாசாவின் எய்ம்ஸ் மையத்தை ஒட்டி ஆய்வுப் பூங்கா இருக்கிறது. அங்கே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று உண்டு. தம்பியின் நண்பர் அங்கே படிக்கிறார். அவர் வாசலுக்கு வந்து, எங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே அழைத்துப் போனார்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் மெக்டொனால்ட்ஸ். அதில் சந்தேகமே வராது, அந்தக் கூரையை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். கடை மூடிய பிறகு காலியாகக் கிடந்தது. இந்த மீட்பு வேலையை முன்னின்று நடத்திய டென்னிஸ் விங்கோவும் கீத் கவ்விங்கும் டேப்புகளையும் டிரைவ்களையும் மீட்க இடம் தேடியபோது, எய்ம்ஸ் மையத்தின் அப்போதைய இயக்குநர் பீட் வொர்டன் இதைக் கொடுத்தார். பர்கர் வாங்க வரிசை நின்ற இடத்தில் டேப்புகளை அடுக்கினார்கள். மெக்மூன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜன்னலில் கடற்கொள்ளையர் கொடி, மண்டையோடு போட்டது.

கொடி இருந்தது! உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை, கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் கையைக் குவித்து எட்டிப் பார்த்தேன். வெளி வெயிலுக்கு உள்ளே இருட்டு, எங்கள் முகம்தான் தெரிந்தது. ஏமாற்றம் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்தேன்.

அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டேப்பை டிரைவில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டிரைவ்கள் ஓடும் நிலையில் இல்லை. ரப்பர் பாகங்கள் கெட்டுவிட்டன, மோட்டார்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நான்கு டிரைவில் நல்ல பாகங்களைத் தேர்ந்து ஓடுகிற ஒன்றை உண்டாக்க வேண்டும். இந்த வகை டிரைவில், டேப்பைப் படிக்கிற ஹெட் நிலையாக இருக்காது. நாம் பழகிய ஆடியோ கேசட்டில் டேப் நகரும், ஹெட் சும்மா நிற்கும். இதில் சுழலும் ஒரு சக்கரத்தின் விளிம்பில் ஹெட்டுகள் இருக்கும், அவை இரண்டு அங்குல டேப்பைக் குறுக்கே தேய்த்துக்கொண்டே போகும். ஒவ்வொரு டேப் ஓடும்போதும் ஹெட் தேயும். தேய்ந்த ஹெட்டைப் புதுப்பித்துத் தரத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருந்தார்கள். இந்த டிரைவ்களுக்குள் கையை விட்டு உயிர் கொடுத்தவர் கென் ஜின், அந்தக் காலத்து ஆம்பெக்ஸ் இயந்திரங்களை நன்கு அறிந்தவர்.

டிரைவ் ஓடினாலும் போதாது. டேப்பில் இருக்கும் சிக்னலைப் பிரித்துப் படத்துக்கான அலையாக மாற்றும் டிமாடுலேட்டர் ஒரு தனிப் பெட்டி. அது இல்லை. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அது எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொண்டு, புதிதாகச் செய்தார்கள். டேப், டிரைவ், கையேடு, அதைப் படித்துப் புரிந்துகொள்கிற மனிதர். நாலில் ஒன்று குறைந்தாலும் நடந்திருக்காது. என் அலமாரியில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

பணமும் சுலபமாக வரவில்லை. நாசா 2,50,000 டாலர் கொடுத்துத் தொடங்கியது, இடையில் 2013இல் பொதுமக்களிடமே நிதி கேட்டார்கள்.

நண்பர் பல்கலைக்கழகத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த தாளை என்னிடம் கொடுத்தார். நான் கேட்டிருந்தேன். ஒரே தாளில் மேலே 1966இல் வெளிவந்த படம், கீழே 2008இல் டேப்பிலிருந்து எடுத்த படம். படியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தேன். மேலே உள்ளதில் நிலவு ஒரு சாம்பல் திட்டு, குறுக்கே வரிகள், பூமி வெளுத்த பிறை, அதற்குள் ஒன்றும் இல்லை. கீழே உள்ளதில் முதலில் கண் போனது பூமிக்கு. பிறைக்குள் மேகம் சுருள்கிறது. வெண்மைக்குள்ளேயே இன்னொரு வெண்மை. பிறகு நிலவின் விளிம்பு. பள்ளங்களின் உதடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன, நிழல் விழுந்த பக்கத்தில்கூடத் தரை இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன், வெறும் காகிதம்தான் என்று தெரிந்தும். அன்று ஸ்பெயினில் டேப் மாட்டிய ஆபரேட்டர் யாரோ, அவர் பதிந்தது இது அத்தனையும். ஒன்றும் போகவில்லை.

தம்பி என்னைப் படம் எடுக்க வந்தான். வேண்டாம், கட்டடத்தை மட்டும் எடு என்றேன்.

ஆகஸ்ட் 24, புதன். மவுன்டன் வியூ

கணினி வரலாற்று அருங்காட்சியகம் மோஃபட் ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதன்கிழமை மதியம் ஐபிஎம் 1401 அறையில் இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவார்கள். 1959இல் அறிவித்த கணினி. இங்கே இரண்டு இருக்கின்றன, ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது, ஒன்று கனெக்டிகட்டிலிருந்து. இரண்டையும் ஓய்வு பெற்ற பொறியாளர்கள் வருடக்கணக்காகச் சரிசெய்து ஓடவைத்திருக்கிறார்கள்.

நான் போனது 729 டேப் டிரைவுக்காக. நிலவின் தூசு பற்றி ஒரு கதை இந்த டிரைவோடு சேர்ந்தது. அப்போலோ 11, 12, 14, 15 பயணங்களில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தூசு அளவி கொண்டுபோனார்கள். உருவாக்கியவர் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் பிரையன் ஓ'பிரையன். அந்தத் தரவின் டேப்புகள் நாசாவிடம் தவறிப்போயின. 2006இல் இது அவருக்குத் தெரியவந்தது. அவருக்கு அந்தக் காலத்தில் அனுப்பிய பிரதிகள், 173 டேப்புகள், பெர்த் நகரத்தில் இருந்தன. படிக்க 729 வகை டிரைவ் வேண்டும். ஆஸ்திரேலியக் கணினி அருங்காட்சியகச் சங்கத்திடம் ஒன்று இருந்தது, மோசமான நிலையில். அதை இரவல் வாங்கிச் சரிசெய்ய இறங்கினார்கள். மீட்ட தரவை வைத்து ஓ'பிரையனும் மாணவி மோனிக் ஹாலிக்கும் 2013இல் சொன்ன கணக்கு: நிலவில் ஆயிரம் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தூசு படிகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். நிலவில் சூரியத் தகடு வைக்க நினைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தகவல்!

அறை குளிர்ந்து இருந்தது, சூடான எண்ணெய் வாசனை. தன்னார்வலர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், 729இன் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். நான் டேப் அறையில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் அவருடைய முகமே மாறிவிட்டது. ரீல்களுக்குக் கீழே இரண்டு நீளமான கண்ணாடிக் குழிகள். டேப் அவற்றுக்குள் ஊஞ்சல் கயிறு போலத் தொங்குகிறது. கீழே காற்றை உறிஞ்சுகிறார்கள், அந்த உறிஞ்சல்தான் டேப்பைத் தொங்கும் நிலையில் பிடிக்கிறது. டேப் சட்டென்று ஓடி, சட்டென்று நிற்க வேண்டும், கனமான ரீலால் அவ்வளவு வேகமாக நிற்க முடியாது. அதனால் இந்தத் தொங்கலில் கொஞ்சம் டேப்பைத் தளர்வாக வைத்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டினார். ரீல் முன்னும் பின்னும் துள்ள, குழிக்குள் டேப் ஏறி இறங்கியது. அந்தச் சத்தம், படபடவென்று ஆரம்பித்து டக்கென்று நிற்பது, நெஞ்சுக்குள் கேட்டது.

"உங்களுக்கு அப்புறம் இதை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டேன். பக்கத்து இயந்திரத்தைக் காட்டினார். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், முழங்கால் போட்டு உட்கார்ந்து, வாயில் சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒரு பலகையை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் கம்பிச் சுருள் போட்ட நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது, பக்கம் முழுக்க இரண்டு விதமான கையெழுத்து. ஒன்று அவருடையதாம், ஒன்று அவளுடையதாம். ஒவ்வொரு பழுதையும், அது எப்படித் தெரிந்தது, என்ன செய்தோம் என்று எழுதிவைக்கிறார்களாம். நான் அனுமதி கேட்டு ஒரு பக்கத்தைப் படித்தேன். பாதிதான் புரிந்தது. ஆனால் தேதி, அறிகுறி, செய்தது, யார் செய்தது, இந்த நாலும் ஒவ்வொரு பழுதுக்கும் இருந்தன.

வாசலில் பஞ்ச் இயந்திரம் ஒன்று இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தட்டி அட்டையை எடுத்துக்கொள்ளலாம். தம்பி தன் பெயரைத் தட்டினான். நான் நான்சி எவன்ஸ் என்று தட்டினேன். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் வழியே தெரு தெரிகிறது.

நாளை மறுநாள் விமானம். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், டிஎல்டி என்ற வகைப் பழைய டேப் டிரைவ் ஒன்று செப்டம்பரில் எடைக்குப் போட வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதில் பதிந்த டேப்புகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இன்று இரவே மேலாளருக்கு எழுதிவிட்டேன், அந்த டிரைவை என் பெயரில் எடுத்து வைக்கச் சொல்லி. இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்ற எங்கள் பழைய ஆபரேட்டர் அண்ணன் தாம்பரத்தில் இருக்கிறார். அதன் கையேடு அவரிடம்தான் இருக்க வேண்டும். ஊருக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.